நரை அணிலின் ராஜபாட்டை

"ஸபாரி" என்னும் சொல் இந்நாளில் தமிழர் இல்லங்களிலும் தாராளமாகப் புழங்கி வருகிறது. கீழ் ஆப்பிரிக்காவில் வழங்கும் ஸ்வாஹிலி பாஷையில் அதற்குப் பிரயாணம் என்பதே பொருள். அராபிய வர்த்தகர்களின் மூலமாக அந்தப் பாஷைக்குள் நுழைந்த சொல் அது. ஹிந்துஸ்தானியில் "ஸபர்" என்று சொல்வதும் அதன் உடன்பிறப்புத்தான். ஆயினும், அச்சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம் மனக்கண் முன் தோன்றுவது கூரை திறந்த மோட்டார் வண்டியும், கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்த புல்வெளியும், அதன் நடுவே படுத்துக் கொட்டாவி விடும் சிங்கமுமே அல்லவா?

இப்படியிருக்க, ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு ஸபாரி சென்று வந்தேன் என்று நான் சொன்னால் வாசகர்கள் நகைப்பார்கள். இரண்டு ஊர்களுக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரந்தான். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து ஒரு தூக்கம் போடுவதற்குள் ஊர் வந்துவிடும். ஆனால் அந்தத் தூரத்தைப் பஸ் போகும் ரஸ்தாவில் கடக்காமல், மேற்கே மலையடிவாரத்தை ஒட்டித் தோப்புத் தோப்பாகவும் ஓடை ஓடையாகவும் கடந்து பாருங்கள். ஒரு முழு நாள் போதாது. அந்த ஒரு நாளில், தென்னிந்தியாவையும் இலங்கையையும் தவிர உலகத்தில் வேறெந்தக் காட்டிலும் காணக் கிடைக்காத ஒரு பிராணியை நீங்கள் காணலாம்.

இந்தப் பிரயாணத்துக்குக் காரணமாக இருந்தவர் நைரோபி நகரில் உத்தியோகம் பார்க்கும் என் பால்ய சிநேகிதர். சென்ற பொங்கலுக்குச் சொந்த ஊரான ராஜபாளையத்துக்கு அவர் வந்திருந்தார். மாஸாய் மாராவில் சிங்கக் கூட்டங்களைக் கண்டவர். ஸெரெங்கெட்டி சமவெளியில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட் என்னும் மான் ஜாதிப் பிராணிகள் மழையையும் பசும்புல்லையும் தேடி மந்தை மந்தையாக ஊர் பெயர்வதையும் நேரில் பார்த்தவர். அவர் என்னிடம், "என்னப்பா, இங்கே ஓர் அணிலுக்காகவா சரணாலயம் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். ஏளனமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே வியப்புற்றுத்தான் கேட்டார். பதில் சொல்வதைவிட நேரில் காட்டுவதே மேல் என்று எனக்குத் தோன்றிற்று. வனத்துறையாரின் அனுமதி தேவைப்படும் இடங்களுக்கு அதைப் பெற்றுக்கொண்டு, என் வகுப்பு மாணவர்கள் மூவரையும் அழைத்துக்கொண்டு, தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் விடியுமுன் ஒரு ஜீப்பில் புறப்பட்டோம்.

இரண்டு ஊர்களும் ஒரு மலையும்

ராஜபாளையம் பஞ்சாலைகளின் ஊர். பி. ஏ. சி. ராமசாமி ராஜா அவர்கள் 1936ஆம் ஆண்டில் தொடங்கிய ராஜபாளையம் மில்லுக்குப் பிறகு, இவ்வூர் ஆலைச் சங்கின் ஓசைக்கே கண் விழித்து வந்திருக்கிறது. 1949ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாகி, பின்னர் தம் சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்கு ஈந்த பி. எஸ். குமாரசாமி ராஜாவும் இவ்வூரார்தான். வேட்டைக்கென்று இங்கே வளர்க்கப்பட்ட வெள்ளை நாய் தேசமெங்கும் பெயர் பெற்றது. அதன் மூக்கு இளஞ்சிவப்பாக இருக்கும். நாங்கள் தேடிப் போன அணிலின் மூக்கும் அதே நிறந்தான் என்பது ஒரு வேடிக்கை.

ஸ்ரீவில்லிபுத்தூரோ ஆண்டாளின் ஊர். அங்கே நாள்தோறும் மரவள்ளி இலையாலும் மாதுளம் பூவாலும் ஒரு கிளியைப் புதிதாகக் கட்டி, தேவியின் கையில் வைக்கிறார்கள். ஒரு பட்சியை இப்படித் தினந்தோறும் படைத்து வழிபடும் ஊர் வேறு எங்கே இருக்கிறது? இவ்வூர் உண்டான கதையிலும் காடுதான் வருகிறது. வில்லி, கண்டன் என்னும் இரண்டு வேடச் சகோதரர்கள் வேட்டைக்குச் சென்றார்களாம். கண்டனைப் புலி கொன்றுவிட்டதாம். தம்பியைத் தேடி அலைந்த வில்லி, கனவில் பெற்ற ஆணைப்படி காட்டைத் திருத்தி இந்த ஊரை அமைத்தானாம். காடு அழிந்து ஊர் பிறந்த கதை அது. காலம் சுழன்று வந்ததைப் பாருங்கள்: 1988ஆம் ஆண்டில் இம்மலைச்சரிவுகளில் சுமார் 485 சதுர கிலோமீட்டர் பரப்பு சாம்பல் நிற அணிலின் சரணாலயம் ஆயிற்று. 2021ஆம் ஆண்டில் அதனோடு மேகமலையும் சேர்ந்து சுமார் 1,016 சதுர கிலோமீட்டரில் புலிகள் காப்பகம் ஆயிற்று. தமிழ்நாட்டில் அது ஐந்தாவது. பாரத தேசத்தில் ஐம்பத்தோராவது. கண்டனைக் கொன்ற புலிக்கும் இப்போது ஒரு பட்டா கிடைத்துவிட்டது.

இரண்டு ஊர்களுக்கும் உயிர் மேற்கேயுள்ள அந்த மலைத்தொடர்தான். தென்மேற்குப் பருவமழை கேரளத்துப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட, நம் பக்கத்துச் சமவெளி வறண்டு கிடக்கிறது. ஆயினும் மலையுச்சிச் சோலைகள் மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு சிறுகச் சிறுகக் கீழே விடுகின்றன. அய்யனார் கோவில் ஆற்றுத் தண்ணீர் ஆறாவது மைலிலுள்ள நீர்த்தேக்கத்தில் தேங்கி ராஜபாளையத்துக் குழாய்களில் வருகிறது. இம்மலைகளின் வடபுறத்தில் பிறப்பதே மதுரையின் வைகை.

ஆறு மணிக் குருவி

அய்யனார் கோவில் ஆற்றங்கரையை நாங்கள் அடைந்தபோது கிழக்கு அப்பொழுதுதான் வெளுத்துக் கொண்டிருந்தது. ஜீப்பை நிறுத்தி இறங்கியதும் புதருக்குள்ளிருந்து இரண்டு சுரத்தில் ஒரு சீட்டியொலி எழுந்தது. மாணவர்களில் ஒருவன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஸார், மணி ஆறேகால். ஆனால் இது ஆறு மணிக் குருவிதான்!" என்றான். காலையிலும் மாலையிலும் ஏறக்குறைய ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதால் நம் ஜனங்கள் அதற்கு இட்ட பெயர் அது. பச்சை, நீலம், செம்மை, கறுப்பு, வெண்மை என்று பல வர்ணங்களைத் தன் சிறு மேனியில் அடக்கிக் கொண்டிருக்கும் அக்குருவி, மழைக்காலத்தில் வடக்கே இமயத்தின் அடிவாரம் வரையிலுள்ள காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே வருவது. பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் இல்லாமல் இரவிலேயே பறந்து வந்து சேருகிறது.

பொழுது புலரப் புலர, ஆறு ஒரு கச்சேரி மேடையாயிற்று. பாறைக்குப் பாறை தாவி வாலை ஆட்டிக்கொண்டிருந்த வாலாட்டிக் குருவியும் வடக்கேயிருந்து வந்த விருந்தாளிதான். நீலச் சிறகை விரித்து மீன்கொத்தி ஒன்று நீரின் மேல் நேர்கோடு கிழித்தது. வாலின் நுனியில் இரண்டு துடுப்புகளைத் தொங்கவிட்டுப் பறக்கும் துடுப்புவால் கரிச்சான், மற்றப் பட்சிகளின் குரலையெல்லாம் ஒவ்வொன்றாகப் பேசிக் காட்டிற்று. என் வகுப்பின் கடைசி பெஞ்சியில் அத்தகைய திறமைசாலிகள் சிலர் உண்டு. சாம்பல் நிறக் காட்டுக்கோழி எங்கேயோ மறைந்திருந்து கூவிற்று. வெண்பட்டு நாடா போன்ற வாலை அலையவிட்டுக்கொண்டு அரசவால் ஈப்பிடிப்பான் ஒன்று மருத மரத்தின் நிழலில் புகுந்து சென்றபோது, ஆப்பிரிக்க நண்பர் முதன்முறையாகப் பைனாகுலரைக் கேட்டு வாங்கினார். எட்டு மணிக்குள் மாணவர்களின் நோட்டுப் புத்தகத்தில் இருபத்து மூன்று ஜாதிப் பட்சிகள் ஏறிவிட்டன.

"அங்கே வண்டியில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம், புல்வெளியில் மறைவு ஏது? இங்கே கழுத்து வலிக்கிறது, காது வலிக்கிறது" என்றார் நண்பர். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஆப்பிரிக்கச் சமவெளி திறந்து வைத்த புத்தகம். நம் காடு அப்படியன்று. முதலில் காதால் கேட்க வேண்டும். பிறகு அண்ணாந்து பார்க்க வேண்டும். அதற்கும் பிறகு பொறுமையாகக் காத்திருக்க வேண்டும்.

தோப்பில் கண்ட தரிசனம்

பொறுமைக்குப் பலன் ஒரு மாந்தோப்பில் கிடைத்தது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மேற்கே மலையின் காலடியில் மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் பரந்து கிடக்கின்றன. தை மாதமாதலால் மாமரங்களெல்லாம் பூத்து, வண்டுகளின் ரீங்காரம் காதை அடைத்தது. வரப்போரங்களில் பழைய புளிய மரங்கள் காய்த்துத் தொங்கின. தோப்புக் காவற்காரர் எழுபது வயதிருக்கக்கூடிய பெரியவர். உதட்டின் மேல் விரலை வைத்து, புளிய மரத்தின் உச்சியைக் காட்டினார்.

முதலில் எங்களுக்கு வால் மட்டுமே தெரிந்தது. முழத்துக்குக் குறையாத நீளமும், புகை படிந்த வெண்சாமரம் போன்ற அடர்த்தியுமாக அது கிளையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு இலைகள் விலகின. நம் வீட்டு முற்றத்து அணிலைப்போல் பத்து மடங்குக்கு மேல் எடையுள்ள ஓர் அணில், பின்னங்கால்களால் கிளையைப் பற்றித் தலைகீழாகத் தொங்கியபடி, முன்னங்கைகள் இரண்டாலும் ஒரு புளியங்காயைப் பிடித்துக் கணக்குப்பிள்ளை காகிதம் புரட்டுவதுபோல் திருப்பித் திருப்பிக் கடித்துக்கொண்டிருந்தது. பழுப்புக் கலந்த சாம்பல் மேனி. அதன்மேல் நரை தூவினாற்போல் வெண்மயிர்கள். நாற்பது வயதைத் தாண்டிய என்னைப் போன்றவர்களுக்கு இந்தப் பிராணியிடம் தனி அபிமானம் ஏற்படுவதில் ஆச்சரியமில்லை. ராமபிரான் தடவிக் கொடுத்த மூன்று கோடுகளும் இதற்கு இல்லை. சேது கட்டுகையில் மணல் சுமக்க இது ஏன் போகவில்லை என்று ஒரு மாணவன் கேட்டான். "தரைக்கு இறங்கினால்தானே தம்பி மணல் சுமக்க!" என்றார் காவற்காரர்.

விளையாட்டாகச் சொன்னாலும், இந்த அணிலின் சரித்திரம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. 1769ஆம் ஆண்டிலேயே பென்னன்ட் என்னும் இயற்கை நூலார் இதை மேல்நாட்டார்க்கு அறிமுகம் செய்து, நீண்ட வாலுடையது என்னும் பொருள்படப் பெயர் சூட்டினார். உண்பது, உறங்குவது, குட்டி போடுவது, பகைவனுக்குத் தப்புவது எல்லாம் இதற்கு மரத்தின் மேல்தான். மிக அருமையாகவே தரையில் கால் வைக்கும். ஒரு மரத்தின் கிளை அடுத்த மரத்தின் கிளையோடு கைகோத்து நிற்குமானால், அதுவே இதற்கு ராஜபாட்டை.

காவற்காரர் தோப்பின் நடுவே இரண்டு மாமரங்கள் கூடும் இடத்தில் பந்துபோல் திரண்டிருந்த ஓர் இலைக்கூட்டைக் காட்டினார். "வாத்தியாரையா, கூடு கட்டுற எடத்தப் பாருங்க. ஒத்த மரத்துல கட்டாது. ரெண்டு மூணு மரம் கூடுற கவையிலதான் கட்டும். ராசாளி ஒரு பக்கம் வந்தா இன்னொரு பக்கம் ஓடிரணுமில்ல?" என்றார்.

"காய்களைத் தின்று நஷ்டம் உண்டாக்குமே, அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"திங்கத்தான் செய்யும். கொரங்கு மாதிரி நாசம் பண்ணாது, வயித்துக்குத் திங்கும். எங்க பெரிய மொதலாளி, 'அதுக்கும் ஒரு பங்கு உண்டு, வெரட்டாதே'ம்பாக. இப்ப சின்னவுக பட்டணத்துல இருக்காக. மாங்காய்க்கு வெல இல்லை, மருந்தடிக்கக் கூலி கட்டலைன்னு வடக்கு வரிசையில அஞ்சாறு மரத்த வெட்டியாச்சு. அதுக்கப்புறம் இது ஓடைப் பக்கம் போறதில்லை, ஐயா. அந்த ஓரத்துக்கு வந்து நிக்கும், அந்தாண்ட பாக்கும், திரும்பிரும்" என்றார்.

நாங்கள் சென்று பார்த்தோம். வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. அதற்கு அப்பால் ஐம்பது அறுபது அடி வெற்றிடம். அதற்கும் அப்பால் ஓடைக்கரையின் மருதும் நாவலும் மலைவரை பசுமையாகத் தொடர்ந்து சென்றன. நமக்கு அது இருபது தப்படி தூரம். அணிலுக்கோ அது சமுத்திரம்.

செண்பகத்தோப்பின் நண்பகல்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே சுமார் எட்டுக் கிலோமீட்டரில் இருக்கிறது செண்பகத்தோப்பு. பெயரைச் சொல்லும்போதே வாய் மணக்கிறது. மீன்வெட்டிப்பாறை அருவிக்கும், மலைமேல் எழுந்தருளியிருக்கும் காட்டழகர் கோவிலுக்கும் செல்வோர்க்கு இது வாசற்படி. பளியர் என்னும் மலைவாழ் குடிமக்களின் குடியிருப்பும் இங்கே உண்டு. தேன் எடுப்பதிலும் மூலிகை அறிவதிலும் அவர்களை மிஞ்சுவார் இல்லை.

பளியர் முதியவர் ஒருவர் ஓடை வழியே எங்களோடு நடந்தார். யானையின் லத்தி இன்றையதா, நேற்றையதா என்று காலால் தொட்டே சொன்னார். எதிர்ச்சரிவில் கருமந்திகள் நான்கைந்து, கருங்கம்பளி போர்த்த பெரியவர்களைப்போல் உட்கார்ந்து தளிர் மேய்ந்துகொண்டிருந்தன. திடீரென்று மரங்களிடையே கடகடவென்று ஒரு மலையணிலின் கூக்குரல் எழுந்தது. அடுத்த கணம் சரிவு முழுவதும் மௌனம். முதியவர் வானத்தைக் காட்டினார். கொண்டைக் கழுகு ஒன்று மலைமுகட்டில் வட்டமிட்டுக்கொண்டிருந்தது. ஆபத்தை முதலில் கண்டவர் எல்லாருக்கும் அறிவிப்பது காட்டின் தர்மம்.

மேலேயுள்ள சோலைகளில் இருவாட்சிப் பறவை உண்டென்று அவர் சொன்னார். பெட்டைப் பறவை பெரிய மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலை அடைத்துக்கொண்டு முட்டையிட்டு அடைகாக்கும். ஒரு சிறு பிளவின் வழியே ஆண் பறவை பழங்களைக் கொண்டுவந்து ஊட்டும். அத்தனை பெரிய பொந்து நூறாண்டு கண்ட மரத்தில்தான் அமையும்; இன்று நட்டு நாளைக்குக் கிடைப்பதன்று. இன்னும் உயரே, புல் மூடிய பாறை முகடுகளில் நம் மாநில விலங்காகிய வரையாடு வாழ்கிறது. எங்களுக்கு அதைக் காணும் பாக்கியம் கிட்டவில்லை. புலியையும் நாங்கள் பார்க்கவில்லை. அது எங்களைப் பார்த்ததோ என்னவோ.

வெயில் உச்சிக்கு ஏறியதும் காடு ஓய்ந்தது. ஓடையோரத்து மரமொன்றின் கிளையில் ஒரு நரை அணில் நான்கு கால்களையும் இருபுறமும் தொங்கவிட்டுக் குப்புறப் படுத்து உறங்கிற்று. நாங்கள் கீழே கட்டுச்சோறு உண்டு முடிக்கும் வரை அது அசையவில்லை. காலை முழுவதும் ஆப்பிரிக்காவோடு ஒப்பிட்டுப் பேசிக்கொண்டு வந்த நண்பர் அதையே பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்.

பாட்டை அறுந்தால்

சிங்கத்தைக் காப்பதற்கு ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர் வேண்டும். தென்னாப்பிரிக்காவில் 1926ஆம் ஆண்டில் அமைந்த க்ரூகர் வனம் ஏறக்குறைய இருபதினாயிரம் சதுர கிலோமீட்டர். நம் அணில் கேட்பது அத்தனையன்று. மரத்துக்கு மரம் இடைவெளி இல்லாமை ஒன்றே. அது எளிய கோரிக்கை போலத் தோன்றுகிறது. ஆனால் அதை நிறைவேற்றுவது சர்க்காரால் மாத்திரம் ஆகிற காரியம் அன்று. சரணாலயத்தின் எல்லைக்கல் மலையடிவாரத்தோடு நின்றுவிடுகிறது. அணிலுக்கு எல்லைக்கல் தெரியாது. புளியும் மாவும் காய்த்தால் அது தனியார் தோப்புக்கும் வரும். அங்கேயே கூடு கட்டிக் குடும்பமும் நடத்தும். ஆகவே இப்பிராணியின் நல்வாழ்வில் ஒரு பாதி வனத்துறையின் கையிலும், மற்றப் பாதி தோப்புக்காரர்களின் கையிலும் இருக்கிறது.

தோப்புக்காரரைக் குறை கூறுவது சுலபம். மாங்காய் விலை போகாத வருஷத்தில் வட்டி கட்டுவது அவர், நாமல்ல. மரத்தை வெட்டி மனைக்கட்டாக விற்றால் ஒரே நாளில் கிடைக்கும் பணத்தை, மரம் ஒரு தலைமுறையிலும் தராது. இந்தக் கணக்கை அறியாதவர்போல் உபதேசம் செய்வதில் பயனில்லை. ஆயினும் கணக்கில் வராத வேறொரு வரவு இருக்கிறது. ஓடைக்கரை மரங்கள் போனால் அணில் மாத்திரமா போகும்? கரை அரிக்கும்; மணல் சரியும்; கிணறு வற்றும். அணிலின் பாட்டையும் தண்ணீரின் பாட்டையும் ஒரே மர வரிசைதான். அந்த வரிசை அறுந்தது என்பதை முதலில் அறிவது அணில்; பிறகு அறிவது நாம். எச்சரிக்கைக் குரல் கொடுப்பதில் அது வல்லது என்பதை மேலே சொன்னேன்.

செய்யக்கூடிய காரியங்களும் இல்லாமல் இல்லை. தோப்பு முழுவதையும் வைத்திருக்க முடியாதவர்கள், ஓடையை ஒட்டிய ஒரு வரிசையையும் வரப்போரத்துப் புளிகளையும் விட்டுவைக்கலாம். வெட்டிய இடத்தில் நாவலும் மருதும் நடலாம். மரம் வளரும் வரை பொறுக்க முடியாத இடங்களில் மேலே பாலம் கட்டலாம். ஆனைமலைப் பக்கம் வால்பாறையில், ரஸ்தாவைக் கடக்க முடியாமல் தவித்த சோலைமந்திகளுக்காக மரத்துக்கு மரம் அத்தகைய பாலங்களைக் கட்டியிருக்கிறார்கள். அவையும் அவற்றின்மேல் நடக்கக் கற்றுக்கொண்டன. நரை அணில் இங்கே மாத்திரம் இல்லை. கேரளத்துச் சின்னாற்றிலும் காவிரிக்கரைக் காடுகளிலும் உண்டு. ஆனால் அதன் பெயரால் சரணாலயம் கண்டது நம் ஊர். அந்தப் பெருமைக்குரிய பொறுப்பும் நமக்கே உரியது.

மாலையில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கண்மாய்க்கரையில் ஜீப்பை நிறுத்தினோம். கொக்குகள் வரிசை வரிசையாக வந்து மரங்களில் அடைந்துகொண்டிருந்தன. நீர்க்காகம் ஒன்று இறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது. 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை மந்தாரை இலையில் வைத்து உண்டுகொண்டே மாணவர்கள் தங்கள் கணக்கைக் கூட்டினார்கள். பட்சிகள் நாற்பத்தொன்று, நரை அணில் மூன்று, கூடுகள் ஏழு, வெட்டிய மரங்கள் ஆறு. கடைசிக் கணக்கை எழுதும்படி நான் சொல்லவில்லை, அவர்களே எழுதிக்கொண்டார்கள்.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். விருதுநகர் ஜில்லாப் பக்கம் வருவோர் ஆண்டாளைச் சேவித்துப் பால்கோவா வாங்கியதும் ரயிலேறிவிடாமல், ஒரு காலைப் பொழுதை அந்த அடிவாரத்துக்கு ஒதுக்குங்கள். ஓசைப்படாமல் நடந்து, மரங்களின் உச்சியைப் பாருங்கள். இரண்டு மரங்களின் கிளைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இடம் எதுவோ, அங்கே சற்று நேரம் நில்லுங்கள். ஊரில் உங்களுக்குத் தோப்பு இருந்தால், வீடு திரும்பியதும் அங்கேயும் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.